கொச்சித் துறையில் கை நனைக்காமல்

கொச்சிக்குப் போகிறவர்கள் மீன் தின்றுவிட்டு வந்து அதைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள். நான் அந்தத் துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கம்பத்திலிருந்து கட்டிக்கொண்டு போன பொடி தடவிய இட்லியைத் தின்றேன். இட்லி மறுநாளே புளித்துவிட்டது. நானும்தான்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகள் மும்தாஜ் கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறாள். அங்கேயே ஒரு பையனைப் பிடித்துப் போய்விட்டது. பெயர் ரியாஸ். துறைமுகத்தில், கடலின் அடிமண்ணை அள்ளுகிற மண்வாரிக் கப்பலில் வேலை. அவன் தகப்பனார் ஹம்சாவும் துறைமுகத்துக்காரர்தான், பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துவரும் இழுவைப் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர். "நீங்க வந்து வீட்டப் பாருங்கம்மா. வேணாம்னு சொன்னா நான் அவரக் கட்டல. ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டாள். இப்படிச் சொல்கிற மகளை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்னதான் செய்வாள்? களையெடுப்பு முடிந்து அறுப்புக்கு நாள் கிடந்தது. கிளம்பினேன்.

வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் கிளம்பினேன். மறைப்பானேன்? இருபோகம் விளைகிற வயல் எங்களுடையது. மும்தாஜின் அத்தா மவுத்தாகி நான் தனியாளான பிறகும் ஒரு போகம் தரிசு போட்டவள் இல்லை நான். அங்கேயோ ஒரு குழி நிலம் கிடையாது. தண்ணீர் மேலே பிழைக்கிற குடும்பம். மண் இல்லாத வீட்டில் பெண் கொடுத்தால் ஊர் சிரிக்காதா?

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேச ஒரு வீட்டுக்குப் போனால், நம் முடிவைச் சொல்கிறவரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. ஒரு வாய் சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். பிறகு பின்வாங்கினால் உண்ட வீட்டுக்குத் துரோகம். அதனால்தான் இட்லி.

துணைக்கு வந்தவர் என் கொழுந்தன் காதர். திராட்சை வியாபாரத்தில் குமுளிக்கு அந்தப் பக்கம் பல வருஷம் அலைந்தவர், மலையாளம் பேசுவார். ஆனால் யார் மனதும் நோகக் கூடாது என்று நினைக்கிற ஆள். அப்படிப்பட்டவரை வழித்துணையாகக் கூட்டிப் போகவே கூடாது. எனக்கு யார் சொன்னார்கள் அதை?

மலை இறங்கியதுமே மழை. குடிக்கத் தண்ணீர் கேட்டால் சிவப்பாக ஒன்றைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைக்கிறார்கள், ஏதோ மரப்பட்டை போட்டுக் காய்ச்சியதாம். தாகத்துக்கு யாராவது சுடுதண்ணீர் குடிப்பார்களா? ஒரு கடையில் சோறு வாங்கினோம். ஒவ்வொரு பருக்கையும் என் சுண்டுவிரல் நகம் அளவு, மேலே சிவப்புத் தோல். நெல் விளைவிக்கிறவள் நான். மெல்லும்போதே தெரிந்தது, இது நெல்லின் குற்றமல்ல, தீட்டாமலே வேகவைத்த குற்றம். காதர் மட்டும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"மதினி, பழகிட்டா இதுதான் ருசி" என்றார்.

"பழகுறதுக்கு நான் இங்கன வாக்கப்பட்டா வந்திருக்கேன்?" என்றேன்.

கொச்சி ஒரு ஊர் இல்லை. தண்ணீருக்கு நடுவே சிதறிக் கிடக்கிற பல ஊர்கள். தெருவுக்குத் தெரு பஸ் போகிற மாதிரி அங்கே கரைக்குக் கரை படகு போகிறது. காதர் எல்லாம் தெரிந்தவர் போல முன்னால் நடந்து ஒரு படகில் ஏற்றினார். மீன்கூடைக்காரிகள் நடுவே என்னை உட்காரவைத்தார்கள். ஒருத்தி என் வெள்ளை முக்காட்டைப் பார்த்து ஏதோ கேட்டாள். "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்கிறாளாம். காதர், நாங்கள் தங்கப் போகிற மட்டாஞ்சேரியைச் சொன்னதும் கூடைக்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். இது வேறு தீவுக்குப் போகிற படகாம். போய் இறங்கி, அதே படகில் திரும்பி வந்தோம். அந்தக் கூடைக்காரிகளில் பாதிப்பேர் எங்களோடே திரும்பி வந்தார்கள், மறுபடியும் சிரித்தார்கள்.

காதருக்குத் தெரிந்த ஒரு போடிக்காரரின் ஏலக்காய்க் கிடங்கில், மாடி அறையில் தங்கினோம். கீழே சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக. வடுகபட்டிப் பூண்டு மண்டிக்குள் படுத்த மாதிரி மூக்கு எரிந்தது. இந்த வாசனையைத் தேடித்தான் அந்தக் காலத்திலே அரபிக்காரர்களும் சீனாக்காரர்களும் வெள்ளைக்காரர்களும் கப்பல் கப்பலாக வந்தார்களாம். வந்தவர்கள் ஒரு ராத்திரி இதற்குள் படுத்துப் பார்த்திருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மும்தாஜும் ரியாஸும் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. துறைமுகத் தண்ணீருக்கு ஒட்டினாற்போலச் சின்ன வீடு. திண்ணிய கை, உருண்டை முகம், ரியாஸின் உம்மா பாத்திமா வாசலுக்கே வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனால் மேசை நிறையச் சாப்பாடு. வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன், இறால், கணவாய், அரிசிமாவில் தட்டிய பத்திரி ரொட்டி. வைகை அணை ஜிலேபிக் கெண்டையைத் தவிர வேறு மீனை மதிக்காத எனக்கே நாக்கில் நீர் ஊறியது. காதரின் கண் அந்த இலையைவிட்டு நகரவில்லை.

நான் காதரை ஓரமாக அழைத்து, "எங்க வழக்கத்தப் பக்குவமா எடுத்துச் சொல்லு. அவுக மனசு வருத்தப்படாம" என்றேன்.

காதர் மலையாளத்தில் நெடுநேரம் சொன்னார். பாத்திமாவின் முகம் மாறியது. மேசையில் இருந்ததை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போனாள்.

காதர் என்ன சொன்னார் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 'உங்கள் பிள்ளையை இன்னும் நாங்கள் முடிவு செய்யவில்லை' என்று முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கு வாய் வரவில்லையாம். அதனால், 'எங்கள் மதினி ஆற்று மீன் சாப்பிட்டு வளர்ந்தவர், துறைமுகத் தண்ணீர் மீன் என்றால் கொஞ்சம் யோசிப்பார்' என்று சொல்லியிருக்கிறார். அதாவது, உங்கள் வீட்டு மீன் சாக்கடை மீன் என்று.

மறுநாள் விடிந்ததும் கிடங்கு வாசலில் ஹம்சா நிற்கிறார். ரியாஸும் கூட. ஒரு படகைக் கொண்டுவந்திருந்தார்கள். துறைமுகத்தைக் காட்டப் போகிறார்களாம். எனக்குத் துறைமுகம் எதற்கு? மகளிடம் நாலு வார்த்தை தனியாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அவளுக்குப் பகல் டூட்டி. படகில் ஏறினேன்.

ஹம்சா எடுத்த எடுப்பில் படகைக் கப்பல் கட்டுகிற துறைமேடையின் அடிக்குக் கொண்டுபோனார். தூண்கள் முழுக்கப் பச்சைச் சிப்பி அப்பிக் கிடந்தது. ஒன்றைப் பெயர்த்துப் பிளந்து, உள்ளே இருந்த சதையை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்கள், அழுக்குத் தண்ணீராக இருந்தால் இது இப்படிக் கொழுக்குமா?" என்று கேட்கிறார் என்றார் காதர்.

நான் எங்கே அழுக்கு என்றேன்? தலையை ஆட்டிவைத்தேன். கொஞ்ச தூரத்தில் பெரிய கப்பல் ஒன்றின் நங்கூரச் சங்கிலி. அதிலும் கல் போல ஒட்டிக்கொண்டு ஏதோ உயிர். அதையும் காட்டினார். நண்டைக் காட்டினார். கூட்டமாகத் துள்ளிய மடவை மீனைக் காட்டினார். தண்ணீர் மேலே எண்ணெயும் வானவில் மாதிரி மிதந்தது, பிளாஸ்டிக் பாட்டிலும் மிதந்தது. அந்தப் பக்கம் வரும்போது மட்டும் வானத்தைக் காட்டிப் பருந்து பார்க்கச் சொன்னார்.

கடல்வாய்க்குப் பக்கத்தில் போனபோது படகை நிறுத்திக் கையமர்த்தினார். தண்ணீரிலிருந்து எருமை முதுகு ஒன்று கருப்பாக எழுந்து, மூச்சு விட்டு, முங்கியது. பின்னாலேயே இன்னொன்று. எங்கள் கண்மாயில் எருமைகள் மதிய வெயிலில் முங்கி எழுவது அப்படியே. டால்பினாம். ஒரு பக்கம் மலை போலக் கப்பல் வருகிறது, இந்தப் பக்கம் இவை பயமில்லாமல் மேய்கின்றன. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஹம்சா பார்த்துவிட்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். என்னத்துக்கு இந்த ஆள் இவ்வளவு பாடுபடுகிறார் என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது.

கரையில் சீனாக்காரர்கள் விட்டுப்போன பெரிய வலைகள் வரிசையாக நின்றன. ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிற்றில் கட்டிய கற்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஏற்றம்தான், வேறொன்றுமில்லை. நாலைந்து ஆண்கள் கத்திக்கொண்டு இழுத்து மேலே தூக்கினார்கள். வந்தது ஒரு படி பொடிமீன், ஒரு நண்டு, ஒரு செருப்பு. சுற்றி நின்றவர்கள் படம் பிடித்தார்கள்.

"இம்புட்டு ஏத்தம் போட்டு எறைச்சா எங்க ஊர்ல ஒரு வயக்காடே நனைஞ்சிருக்கும்" என்றேன்.

பிறகு துறைமுகத்தின் கதை. பல நூறு வருஷத்துக்கு முன்னால் கப்பல்கள் வந்தது இங்கே இல்லையாம், வடக்கே ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குத்தானாம். ஒரு மழைக்காலத்தில் ஆறு வெறிகொண்டு வந்து அந்த வாசலை மண்ணால் அடைத்துவிட்டு, இங்கே புதிதாக ஒரு வாசலைத் திறந்துவிட்டதாம். அப்படிப் பிறந்ததாம் கொச்சித் துறை. பின்னால் ஒரு வெள்ளைக்காரர் வந்து வாசலில் கிடந்த மணல்மேட்டை வெட்டி, அள்ளிய மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினாராம். எதிரே தெரிந்தது அந்தத் தீவு. வீடு, மரம், ரயில் தண்டவாளம் எல்லாம் அதன் மேல்.

"எந்த ஆறு அது?" என்று கேட்டேன்.

"பெரியாறு" என்றார் ஹம்சா. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் வயலில் பாய்கிற தண்ணீர் அல்லவா அது! மலைக்குள் அணை கட்டிக் கிழக்கே திருப்பிவிட்டதும் ஒரு வெள்ளைக்காரர்தான். அவருக்குப் பொங்கல் வைக்கிற ஊர் எங்களுடையது. அவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களும் உண்டு. அதைச் சந்தோஷமாகச் சொன்னேன். ஹம்சாவின் முகம் கறுத்தது. கையை மலைப்பக்கம் நீட்டி, பிறகு என் பக்கம் நீட்டி ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"ரெண்டு ஊரும் நல்லா இருக்கணும்னு சொல்றாக மதினி."

"அதச் சொல்றதுக்கா அவருக்குக் கழுத்து நரம்பு பொடைக்குது?"

படகின் பின்பக்கம் இருந்த ரியாஸ் தலையைக் குனிந்துகொண்டே தமிழில் சொன்னான். மும்தாஜிடம் கற்றுக்கொண்ட தமிழ், என்னைக் கூப்பிட்டது மட்டும் அவர்கள் வழக்கப்படி உம்மா என்று. "உம்மா, ஆற்றுத் தண்ணீரை நீங்கள் அங்கே திருப்பிக்கொண்டீர்கள், கோடையில் இங்கே உப்பு மேலே ஏறி வருகிறது என்கிறார்."

"இங்கன இம்புட்டுத் தண்ணி வீணா கடலுக்குப் போகுதே, இதுல எங்க பங்கு போயா கொறஞ்சிருச்சு?"

"வீணாப் போகவில்லை. நல்ல தண்ணீர் வந்தால்தான் இறால் குஞ்சு வளரும் என்கிறார்."

"எங்க நாத்து வளர வேணாமான்னு கேளு!"

காதர் இரண்டு பக்கமும் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துப் படகு நின்றது.

ஆகாயத்தாமரை. மழைக்கு ஆறு அடித்துக்கொண்டு வந்த பச்சைப் பத்தை, ஒரு வயல் அகலத்துக்கு எங்களைச் சூழ்ந்துவிட்டது. எஞ்சினின் விசிறியில் சுற்றி இறுகிக்கொண்டது. மழை வேறு பிடித்தது. பின்னால் ஒரு கப்பல் ஊதியது. காதர் மிதவைச் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓதத் தொடங்கினார்.

ரியாஸ் ஒரு அரிவாளை எடுத்துக் குப்புறப் படுத்து அறுத்தான். மேல் இலையை அறுக்கிறான்!

"ஏலே, தழைய அறுத்து என்ன செய்ய? வேரப் பிடிச்சு உன் பக்கம் இழு, பெறகு அறு" என்று கத்தினேன். எங்கள் வாய்க்காலில் இந்தச் சனியனோடு மல்லுக்கட்டாத வருஷம் எது? அவன் திரும்பிப் பார்த்து, சொன்னபடியே செய்தான். ஒரு கொத்து வேரோடு கையில் வந்தது. அதை உதறி எறியாமல் என் பக்கம் கொண்டுவந்தான். கருப்பு வேருக்குள் பொடிப்பொடியாக, கண்ணாடி மாதிரி இறால் குஞ்சுகள் நெளிந்தன.

"கோடையில் உப்பு வந்ததும் இந்தச் செடி எல்லாம் செத்து நாறும் உம்மா" என்றான். "இவை தப்பிக் கடலுக்குப் போய்விடும்."

"எங்க ஊர்ல இது சாகவே சாகாது" என்றேன்.

விசிறியை விடுவிக்க நேரமானது. அவன் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை, யாரையும் ஏசவில்லை. நானாக இருந்தால் ஏழு தலைமுறையை ஏசியிருப்பேன். திரும்பும் வழியில் அவன் வேலை பார்க்கிற கப்பலைக் காட்டினான். தும்பிக்கை மாதிரி ஒரு குழாயைத் தண்ணீருக்குள் விட்டுச் சேற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"வாருன மண்ணு மறுபடி வந்துராதா?"

"வரும். ஆறு கொண்டுவந்துகொண்டே இருக்கும்."

"அப்ப இந்த வேலை எப்பத்தான் முடியும்?"

"முடியாது உம்மா. நிறுத்தினால் கப்பல் வர முடியாது."

தண்ணீர் திறக்கும் முன்னால் ஒவ்வொரு வருஷமும் நாங்கள் வாய்க்காலைத் தூர் வாருகிறோம். அதுவும் இதுவரை முடிந்ததில்லை.

"இந்த மண்ண என்ன செய்றீக?"

"வெளிக்கடலில் கொண்டுபோய்க் கொட்டுவோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆற்று வண்டல்! எங்கள் பக்கம் கண்மாய் வண்டலை வண்டி வைத்து அடித்து வயலுக்குப் போடுகிறோம். இவர்கள் கப்பல் கப்பலாகக் கடலில் கொட்டுகிறார்கள். ராத்திரி முழுக்க அந்த வண்டல்தான் கண்ணில் நின்றது. மண் இல்லாத வீடு என்று சொல்லி வந்தவள் நான். அங்கேயோ அள்ள அள்ள வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாம் நாள் ஊர் திரும்ப வேண்டும். முடிவைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அந்த வீட்டுக்குப் போனோம். மும்தாஜ் டூட்டி முடிந்து உடுப்புக்கூட மாற்றாமல் நேராக வந்து சுவரோரமாக நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்திமாவின் கண்கள் வீங்கியிருந்தன. அடுக்களையிலிருந்து ஒரு தட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இலையில் பொதிந்த கரிமீன், ஒன்றே ஒன்று. காதர் பேச வாயெடுத்தார். அவள் அவரைத் தடுத்து, என்னை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டு நேராகவே சொன்னாள். தமிழில்.

"இத்தா, இது துறைமுக மீன் இல்ல. உள்ளே, ஆத்துப் பக்கம் போயி வாங்கினது. என் வீடு அழுக்கில்ல."

மூன்று நாளாக இவளுக்குத் தமிழ் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை! "சினிமா பாத்துப் படிச்சது" என்றாள். அப்புறம்தான் காதர் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. படகு, சிப்பி, டால்பின், எல்லாவற்றுக்கும் காரணம் புரிந்தது. நான் காதரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூரையில் ஏதோ பல்லியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏப்பா காதரு, ஒன்னயக் கூட்டிட்டு வந்ததுக்கு ஒரு ஊமையக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"மனசு வருத்தப்படாமச் சொல்லுன்னு நீங்கதானே மதினி சொன்னீக..."

பாத்திமாவிடம் நானே சொன்னேன். எங்கள் வழக்கம் இது, சம்மதம் என்றால்தான் சாப்பிடுவோம், மீன் மேல் குற்றமில்லை, உன் வீட்டின் மேலும் குற்றமில்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்தாள். என் முன்னால் வைத்த தட்டைத் திரும்ப எடுத்தாள்.

"அப்ப இத நான் தரமாட்டேன். மீனக் காட்டிச் சம்மதம் வாங்கினேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. நீங்க முடிவு பண்ணுங்க. பெறகு பாப்போம்." தட்டை மூடி வைத்துவிட்டு, கை கட்டி உட்கார்ந்துவிட்டாள்.

நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வெளியே ஒரு கப்பல் ஊதியது. ரியாஸ் வாசலில் நின்றான். நேற்று அறுத்ததில் அவன் உள்ளங்கை கிழிந்து கட்டுப் போட்டிருந்தது. அந்தக் கட்டைப் போட்டது யார் என்று கேட்க வேண்டியதில்லை. நல்ல நர்சு கட்டிய கட்டு.

"மும்தாஜு" என்றேன். அவள் நிமிர்ந்தாள். "கை கழுவத் தண்ணி எடுத்துட்டு வா."

கம்பத்தில் வளர்ந்தவள் அல்லவா, அவளுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. சொம்பை எடுக்கப் போனவள் அடுக்களையிலேயே நின்று அழுகிறாள். கடைசியில் தண்ணீர் கொண்டுவந்தது ஹம்சா. அவர் ஊற்ற, நான் கழுவினேன். பாத்திமா தட்டைத் திறந்து வைத்தாள். காதர், எவரும் கூப்பிடும் முன்னால், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பிஸ்மில்லா சொல்லி ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். ஆறிப்போயிருந்தது. முள் அதிகம். ஆனாலும் மீன் மீன்தான். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு ஒரு கல்லு கூடப் போச்சு" என்றேன். சம்பந்தி வீடாகிவிட்டது, இனிமேல் சொல்லலாம்.

பாத்திமா கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்ல தண்ணி பூராவும் நீங்க அங்கன திருப்பிக்கிட்டா, இங்க உப்பு கூடத்தானே செய்யும் இத்தா?"

ஹம்சா சிரித்த சிரிப்பு துறைமுகத்துக்கே கேட்டிருக்கும். அதற்குச் சரியான பதில் ஒன்று என் வாய்வரைக்கும் வந்தது. வாயில் மீன் இருந்தது.